டிராக்டர் சக்கரம் வழுக்குவதைக் குறைப்பது எப்படி?

டிராக்டர் வாங்க நினைப்பவரும் சரி, வாடகைக்கு அமர்த்துபவரும் சரி, முதலில் கேட்பது "எத்தனை குதிரைத் திறன்?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் குதிரைத் திறன் இயந்திரத்துக்குள் இருப்பது. அதில் எவ்வளவு மண்ணுக்கு வந்து சேர்ந்து கலப்பையை இழுக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பின் டயர் மண்ணைத் தொடுகின்ற, ஒரு முழத்துக்கும் குறைவான அகலமுள்ள சிறு இடம். அங்கே பிடிப்பு இல்லையென்றால் சக்கரம் சுற்றும், டிராக்டர் நகராது. டீசல் எரியும், உழவு நடக்காது.

சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பதில்லை. உழவுக் கூலியை மணிக் கணக்கில் கொடுக்கிறார்கள். சக்கரம் வழுக்கும் போதும் கடிகாரம் நிற்பதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் வழுக்கலால் வரும் நட்டம் டிராக்டர்காரருடையது; மணிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அது நிலத்துக்காரருடையது. ஆகவே டிராக்டர் இல்லாதவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இழுப்பது இயந்திரமா, மண்ணா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 45 குதிரைத் திறன் டிராக்டரில் பின் அச்சுக்கு 35 குதிரைத் திறன் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் தாழ்ந்த கியரில் இந்தத் திறன் 3,000 கிலோவுக்கும் மேலான இழுவிசையைத் தரவேண்டும். தருகிறதா? இல்லை. இத்தகைய டிராக்டரின் மொத்த எடை ஏறத்தாழ 2,000 கிலோ. அதில் 60 சதவீதம், அதாவது 1,200 கிலோ, பின் சக்கரங்களின் மேல் நிற்கிறது. இறுகிய நிலத்தில் பின் சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஏறத்தாழ பாதியளவுதான் இழுவிசையாகக் கிடைக்கும். ஆக 600 கிலோ. உழுது பொலபொலப்பான நிலத்தில் அதுவும் குறையும். உலர்ந்த மணலில் இன்னும் குறையும். தாழ்ந்த கியரில் இயந்திரம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தாலும் மண் வாங்கிக்கொள்ளும் அளவு இவ்வளவுதான். மீதியை வழுக்கலாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பந்தயக் கார் ஓட்டுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அமெரிக்காவில் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நேர்கோட்டில் யார் முதலில் கடப்பது என்று இரண்டு கார்கள் போட்டியிடும் 'டிராக்' பந்தயம் மிகவும் பிரபலம். அன்றாடம் சாலையில் ஓடும் கார்களையே சற்று மாற்றியமைத்துக்கொண்டு வந்து போட்டியிடுபவர்களும் அங்கே உண்டு. இயந்திரத்தின் திறனை எவ்வளவு கூட்டினாலும், புறப்படும் முதல் சில மீட்டரில் பின் சக்கரம் வெறுமனே சுற்றிவிட்டால் போட்டி அங்கேயே முடிந்துபோகும். ஆகவே அவர்கள் பின் டயரில் காற்றைக் குறைக்கிறார்கள். புறப்படும் போது காரின் எடை பின் சக்கரத்தின் மேல் சாயும்படி ஸ்பிரிங்குகளைத் திருத்துகிறார்கள். விசையை ஒரே மூச்சில் கொடுக்காமல் அளந்து கொடுக்கிறார்கள். காற்று, எடை, புறப்படும் முறை ஆகிய இந்த மூன்றும் உழவுக்கும் பொருந்தும். அவர்கள் செய்யும் இன்னொரு வேலை நமக்குப் பொருந்தாது. புறப்படுமுன் பின் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றி, ரப்பரைச் சூடாக்கி ஒட்டும்படி செய்வார்கள். தார்ச்சாலையில் பிடிப்பது ரப்பர். வயலிலோ டயர் பட்டன்களுக்கு இடையே சிக்கிய மண்தான் பிடிக்கிறது. ரப்பர் தோற்பதில்லை; மண்தான் அறுந்து தோற்கிறது. வயலில் சக்கரத்தைச் சுழலவிட்டால் குழி விழும், அவ்வளவுதான்.

மண் அறுபடும் விதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கரிசல், களிமண் போன்றவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வலிமை உள்ளவை. அங்கே டயர் அதிகப் பரப்பில் படிந்தால் பிடிப்பு கூடும். மணற்பாங்கான நிலத்தில் ஒட்டும் வலிமை இல்லை. மேலிருந்து அழுத்தும் எடையைப் பொறுத்தே பிடிப்பு. ஆகவே கரிசல்காரர் முதலில் பார்க்க வேண்டியது காற்றழுத்தத்தை. மணல் நிலத்துக்காரர் பார்க்க வேண்டியது எடையை. செம்மண், வண்டல் நிலங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை.

வழுக்கலை அளக்கும் முறை

வழுக்கலைக் கண்ணால் மதிப்பிட முடியாது. 15 சதவீதம் வழுக்கும் சக்கரமும் 25 சதவீதம் வழுக்கும் சக்கரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அளப்பதற்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி, நான்கு குச்சிகள், ஓர் அளவு நாடா போதும்.

பின் டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் பளிச்சென்று ஒரு கோடு போடவும். உழப்போகும் அதே நிலத்தில், கலப்பையைத் தூக்கிய நிலையில், உழும் கியரிலேயே ஓட்டச் சொல்லவும். கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி நடவும். அங்கிருந்து சக்கரம் 10 சுற்று சுற்றி முடிக்கும் இடத்தில் இரண்டாவது குச்சி. இடைத் தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளவும். பின்னர் கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, உழுதுகொண்டே அதே 10 சுற்றுக்கு அளக்கவும். பக்கத்தில் நடந்தபடி சுற்றுகளை எண்ணுபவர் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் சில அடி விலகியே வரவேண்டும்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் காணப்படும் 13.6-28 அளவுள்ள பின் டயர் 10 சுற்றுக்கு ஏறத்தாழ 39 மீட்டர் ஓடும். உழும் போது அது 33 மீட்டராகக் குறைந்தால், குறைவு 6 மீட்டர். ஆறை 39-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் வழுக்கல் 15 சதவீதம். 27 மீட்டராகக் குறைந்தால் வழுக்கல் 31 சதவீதம்.

இரு சக்கர இழுவை கொண்ட டிராக்டருக்கு இறுகிய நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பதே சரியான நிலை. வழுக்கலே கூடாது என்று நினைப்பது தவறு. டயர் பட்டன்கள் மண்ணைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினால்தான் பிடிமானம் உண்டாகும். 8 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால் டிராக்டர் தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கனத்தைச் சுமந்து நடப்பதிலேயே டீசல் போகும், நிலமும் இறுகும்.

மேலே சொன்ன கணக்கில் 15 சதவீதத்துக்கும் 31 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? முதல் டிராக்டர் 5 மணி நேரத்தில் முடிக்கும் உழவை இரண்டாவது டிராக்டர் முடிக்க 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரக் கூலி எதற்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால், டயரைத் தேய்ப்பதற்கும் சால் அடியில் மண்ணை இழுகி மெழுகுவதற்கும் என்றுதான் சொல்ல வேண்டும். கரிசலில் இந்த மெழுகல் பெரிய கேடு. ஈரத்தோடு வழுக்கும் சக்கரம் பூசிவிட்டுப் போகும் பளபளப்பான தடத்தில் நீர் இறங்காது; வேரும் எளிதில் இறங்காது.

காற்று: செலவில்லாத திருத்தம்

இழுவை பற்றிப் பேசும் போது எல்லோரும் எடைக்கட்டிகளைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது காற்றழுத்தம். பஞ்சர் ஒட்டிய கையோடு கல் போலக் காற்றடித்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. சாலையில் டிரெய்லர் இழுக்க அது பொருந்தலாம். அதே காற்றோடு வயலில் இறங்கினால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு ஓடும்.

டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். ஒரு பின் டயரின் மேல் 600 கிலோ எடை இருக்கிறது. காற்று 24 பவுண்டு என்றால் டயர் சுமார் 350 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மண்ணில் படியும். 12 பவுண்டாகக் குறைத்தால் அந்தப் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். டயரின் சுவரே தாங்கும் பங்கு ஒன்று இருப்பதால் இது சரிநுட்பமான கணக்கு அன்று. ஆனால் போக்கு இதுதான். படியும் பரப்பு கூடினால் மண்ணைக் கவ்வும் பட்டன்களின் எண்ணிக்கை கூடும். சக்கரம் புதைவதும் குறையும்.

வயல் வேலைக்குப் பின் டயரில் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு போதும். பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சாலையில் இழுக்கும் போது இதைக் கூட்ட வேண்டும். தங்கள் டயருக்குரிய சரியான அளவு டிராக்டர் கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு. அழுத்தமானி ஒன்றை வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும் போது அளக்க வேண்டும்.

காற்றை அளவுக்கு மீறிக் குறைப்பதும் ஆபத்தே. 12 நல்லது என்றால் 6 இன்னும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. காற்று குறைந்த டயர் கடுமையான இழுவையில் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். உள்ளிருக்கும் டியூப் அதோடு இழுபட்டு, வால்வு அடியோடு அறுந்துவிடும். டயரையும் ரிம்மையும் சேர்த்து ஒரு கோடு பெயிண்டில் போட்டு வைத்தால் நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். கோடு விலகினால் காற்று போதவில்லை என்று அறியலாம்.

காற்றுள்ள டயரே டிராக்டருக்கு வந்தது 1930-களில்தான். அதற்கு முன் இரும்புச் சக்கரம். ரப்பர் டயர் வயலில் நிற்காது என்று அமெரிக்க விவசாயிகள் நம்ப மறுத்தார்கள். அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1932-இல் தன் டிராக்டருக்குக் காற்று டயர் பொருத்தி விற்கத் தொடங்கியது; அதை விளம்பரப்படுத்தக் கார்ப் பந்தய வீரர்களைக் கொண்டு டிராக்டர் பந்தயமே நடத்தியது. பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற பந்தய வீரர் 1933-இல் மணிக்கு 64 மைல் வேகத்துக்கு மேல் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். வேகத்துக்கும் உழவுக்கும் தொடர்பில்லைதான். ஆனால் டயர் விற்றது.

எடை: எங்கே, எவ்வளவு?

காற்றைச் சரிசெய்த பின்னும் வழுக்கல் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பின் சக்கரத்துக்கு எடை சேர்க்கலாம். வார்ப்பிரும்பு வளையங்களைச் சக்கரத்தில் பொருத்துவது ஒரு முறை. டயருக்குள் தண்ணீர் ஏற்றுவது மற்றொரு முறை. செலவு மிகக் குறைவு. 13.6-28 டயரில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏற்றினால் ஏறத்தாழ 180 முதல் 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 350 கிலோவுக்கு மேல் எடை கூடும். உறைபனி விழும் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நம் சமவெளிகளுக்கு வெறும் நல்ல தண்ணீரே போதும்.

ஏற்றும் முறை இது. சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான கட்டை கொடுத்து, வால்வு உச்சியில் வரும்படி திருப்பி நிறுத்த வேண்டும். காற்றை வெளியேற்றிவிட்டு வால்வின் உள் ஊசியைக் கழற்றி, உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் விடவும். உள்ளிருக்கும் காற்று வெளியேற அவ்வப்போது குழாயை எடுத்துவிட வேண்டும். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்து வழியும் போது நிறுத்திவிடலாம். பின்னர் ஊசியைப் பொருத்தி, உரிய அளவுக்குக் காற்று பிடிக்க வேண்டும். முழுவதும் தண்ணீரால் நிரப்பக் கூடாது. காற்று இடைவெளி இல்லாத டயர் நெகிழாமல் கல்லாகிவிடும். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

எடை ஏற்றியதும் மறுபடி சுண்ணாம்புக் கோடு போட்டு அளக்கவும். 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் பாதித் தண்ணீரை வெளியேற்றலாம். ஆண்டு முழுவதும் எடையைக் கட்டிக்கொண்டு அலைவது நிலத்துக்கும் நல்லதன்று, டீசலுக்கும் நல்லதன்று.

எடை சேர்க்காமலே பின் சக்கரத்தின் மேல் எடையை வரவழைக்கும் வழியும் டிராக்டரிலேயே இருக்கிறது. ஹாரி பெர்குசன் என்ற ஐரிஷ் பொறியாளர் உருவாக்கிய மும்முனை இணைப்பு அதற்காகத்தான். கலப்பையைத் தனியாகப் பின்னால் கட்டி இழுக்காமல் டிராக்டரோடு ஓருடலாக இணைத்து, ஹைட்ராலிக் விசையால் தாங்கிப் பிடித்தால், கலப்பையின் எடையும் அதன் மேல் விழும் மண்ணின் அழுத்தமும் பின் சக்கரத்தின் மேல் வந்து இறங்கும். மண் கடினமான இடத்தில் இழுவைக் கட்டுப்பாடு கலப்பையைச் சற்றே தூக்கி, அதே கணத்தில் சக்கரத்தின் மேல் எடையைக் கூட்டும். பல ஓட்டுநர்கள் இந்த நெம்புகோலைத் தொடுவதே இல்லை. உயரக் கட்டுப்பாட்டு நெம்புகோல் ஒன்றை மட்டும் வைத்தே உழுகிறார்கள். வளைபலகைக் கலப்பை, சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை போன்றவற்றுக்கு இழுவைக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தினால் வழுக்கல் குறைவதைச் சுண்ணாம்புக் கோட்டிலேயே காணலாம்.

புறப்படும் போது

கொழு மண்ணில் புதைந்திருக்கும் நிலையில் இயந்திரத்தை முடுக்கிக் கிளட்சைப் படீரென்று விடுவது பலருடைய பழக்கம். நின்ற சக்கரத்தின் பிடிப்பு ஒருமுறை அறுந்துவிட்டால், அடியிலுள்ள மண் உதிர்ந்து, அடுத்த முயற்சிக்கு அதிலும் குறைவான பிடிப்பே மிஞ்சும். கலப்பையைத் தூக்கியபடி நகரத் தொடங்கி, ஓட்டத்திலேயே இறக்க வேண்டும். சக்கரம் சுற்றத் தொடங்கிவிட்டால் முடுக்கியை அழுத்துவதில் பயனில்லை. விசையைக் குறைத்துக் கலப்பையைச் சிறிது தூக்கினால் சக்கரம் தானே கவ்விக்கொள்ளும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றி மற்றது நின்றால் டிஃபரன்ஷியல் பூட்டை மிதிக்கலாம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் போது மிதிக்காமல், நிறுத்திவிட்டு மிதிக்கவும். நேராக ஓடும் போது மட்டுமே அது. திரும்புமுன் விடுவிக்காவிட்டால் பல்சக்கரம் உடையும், டிராக்டரும் திரும்பாது.

பழைய டயரை மாற்றிப் போடும் போது திசை தவறிவிடுவதுண்டு. டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூடியிருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் பட்டன்களுக்கு இடையே சேறு அடைத்துக்கொள்ளும்.

சேற்றுழவில் மட்டும் மேலே சொன்ன பலவும் தலைகீழாகும். தொளியில் எடை பகை. டயரிலுள்ள தண்ணீரையும் எடைக்கட்டிகளையும் நீக்கிவிட்டு, கூண்டுச் சக்கரம் பொருத்தி இறங்குவதே முறை. சேற்றுக்குள் காற்றழுத்தம் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. அடியிலுள்ள கடின மண்வரைதான் சக்கரம் இறங்கும்.

பின்புறம் கவிழ்தல்

இழுவையைக் கூட்டும்போது உயிருக்கு வரும் ஆபத்தும் கூடுகிறது. பந்தயக் கார்கள் புறப்படும் போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கார் மல்லாந்துவிடாமல் இருக்கச் சில கார்களில் பின்னால் சிறு சக்கரங்களுடன் கம்பி பொருத்தியிருப்பார்கள். டிராக்டரில் அப்படி எதுவும் இல்லை. பின் சக்கரம் சுற்ற முடியாமல் தடைப்பட்டு, இயந்திரம் விசை கொடுத்துக்கொண்டே இருந்தால், சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி மேலே எழும். முன்பக்கம் தூக்கத் தொடங்கியதிலிருந்து மீட்க முடியாத நிலையை அடைய முக்கால் வினாடி போதும். ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நம் ஊர்களில் இது நேர்வது பெரும்பாலும் இரண்டு விதமாக. சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் குறுக்கே கட்டி, முன்னோக்கி ஓட்டுவது ஒன்று. கட்டை மண்ணில் ஊன்றியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டிராக்டர் மல்லாக்கும். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. இரண்டாவது, சங்கிலியை உயரமான இடத்தில், அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டி மரத்தையோ கரும்பு டிரெய்லரையோ இழுப்பது. இழுக்கும் கொக்கி எப்போதும் பின் அச்சின் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கனத்த கருவியைத் தூக்கும் போது முன் சக்கரம் இலேசாகிறது என்றால் முன்பக்கம் எடைக்கட்டி மாட்ட வேண்டும். டிராக்டரின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நின்றால்தான் திருப்பும் சக்கரத்துக்கு அது கட்டுப்படும்.

சுவீடன் நாட்டில் 1959-இலேயே புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் அது இல்லை.

டிராக்டர் சிக்கிக்கொண்டால் முதலில் விசையை நிறுத்தி, கருவியைக் கழற்றிவிடவும். பின் சக்கரத்தின் பின்னாலுள்ள மண்ணை மண்வெட்டியால் சரிவாக வெட்டிவிட்டு, தாழ்ந்த பின்னோக்கிய கியரில் மெதுவாக வெளியே வர முயலவும். வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரை முன்னால் நிறுத்தி, நீளமான கம்பி வடத்தைத் தாழ்வான கொக்கிகளில் கட்டி இழுக்கலாம். வடம் இறுகும் நேரத்தில் அருகில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த வடம் காலை முறித்துவிடும். சிறுவர்களை வரப்பில்கூட நிற்கவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கவும்.